கம்பியில்லா அகலக்கற்றையும் சங்கத்தின் கைப்பணமும்

சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய இடங்களில் விற்பனை நிலையம் நடத்தும் நெசவாளர் சங்கங்களுக்கும், காய்கனி விற்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் சில ஆண்டுகளாக ஒரு வகைத் துண்டுப் பிரசுரம் வந்த வண்ணம் இருக்கிறது. கம்பி இழுக்க வேண்டியதில்லை, சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, மாடியில் ஒரு சிறு பெட்டி வைத்தால் போதும், நொடிக்கு ஒரு கிகாபிட் வரை வேகம் கிடைக்கும் என்பது அதன் சாரம். 5ஜி எனப்படும் ஐந்தாம் தலைமுறைச் சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்று, அம்மாதத்திலேயே சென்னையின் சில பகுதிகளை எட்டியது. அதைக் கொண்டு வீட்டுக்கும் கடைக்கும் கம்பியின்றி இன்டர்நெட் வழங்கும் ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கியது. ஏர்டெல் நிறுவனமும் அத்தகைய சேவையை அளித்து வருகிறது. இவற்றை நம்பிப் பழைய கம்பி இணைப்பை விட்டுவிடலாமா என்று நிர்வாகக் குழுவினர் பலர் நம்மை வினவுகின்றனர்.

மாத வாடகை சில நூறு ரூபாய்தான். அதற்காக இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வாடகை சிறியதே. ஆயின், அந்த இணைப்பை நம்பி நிற்கும் காரியங்கள் சிறியவை அல்ல. இன்று புடைவை வாங்க வருவோரிற் பெரும்பாலோர் பணத்தைக் கைபேசி வழியாகவே செலுத்துகின்றனர். புதிய ரகங்களின் படங்கள் வெளியூர் வியாபாரிகளுக்கு அன்றாடம் போக வேண்டும். நூல் கோரிக்கையும் இருப்புக் கணக்கும் அவ்வழியே செல்கின்றன. தீபாவளித் தள்ளுபடி விற்பனையின்போது இணைப்பு ஒரு மணி நேரம் நின்றால், பல மாதங்கள் தறியில் உழைத்த அங்கத்தினரின் சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடும்; வாங்க வந்தவர் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவார். தணிக்கையில் வாடகைச் செலவு ஒரு வரியாகத் தென்படும். இழந்த விற்பனை எந்த வரியிலும் தென்படுவதில்லை.

பிரசுரத்தில் நாம் முதலில் கவனிக்க வேண்டிய சொல் 'கிகாபிட்' அன்று. அதை அடுத்து வரும் 'வரை' என்னும் சிறு சொல். நூறு விதையில் நூறு வரை முளைக்கும் என்று ஒரு வியாபாரி சொன்னால், நம் விவசாயி அதைக் கேட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதில்லை. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்த்த பிறகே நாற்றங்காலில் இறங்குகிறார். சாயம் கெட்டி என்று சொன்னால் நம் நெசவாளர் ஒரு கழி நூலைச் சோப்பு நீரிற் கொதிக்க வைத்துப் பார்க்கிறார். ஜரிகையை உரைத்துப் பாராமல் வாங்குவோர் எவருமிலர். இப்படிப்பட்ட மக்கள் இன்டர்நெட் விஷயத்தில் மட்டும் 'வரை' என்பதை 'உறுதி' என்று படித்துக்கொள்வது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

வானலையின் வழியே செய்தி அனுப்புவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிடும் விதியை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாடு ஷானன் என்னும் அறிஞர் வகுத்தார். அதன் பின் எத்தனையோ தலைமுறைக் கருவிகள் வந்துவிட்டன. அவ்விதியை மீறியது ஒன்றுமில்லை. ஒரு வழியில் ஒரு நொடியில் எவ்வளவு செய்தி செல்லும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று அந்த அலைவரிசையின் அகலம். மற்றொன்று, வந்து சேரும் குறியின் வலிமை இரைச்சலைக் காட்டிலும் எத்தனை மடங்கு என்பது. சந்தை இரைச்சலில் ஒருவர் சொல்லும் விலை நம் காதில் விழ வேண்டுமானால் அவர் அருகில் நிற்க வேண்டும், அல்லது உரக்கக் கூவ வேண்டும், அதே நியாயம்தான்.

கணக்காகவே பார்ப்போம். அலைவரிசையின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். குறி இரைச்சலைப்போல் 3 மடங்கு வலிமையுடன் வந்தால், நொடிக்கு 40 மெகாபிட் செல்லலாம். அதற்கு மேல் எந்தக் கருவியாலும் இயலாது. 15 மடங்கு வலிமையுடன் வந்தால் 80 மெகாபிட். 255 மடங்கு வலிமையுடன் வந்தால் 160 மெகாபிட். 40-ஐ 80 ஆக்குவதற்கு வலிமை 5 மடங்கு பெருக வேண்டியிருந்தது. 80-ஐ 160 ஆக்குவதற்கோ 17 மடங்கு பெருக வேண்டியிருக்கிறது. மறுபுறம், தூரம் இரட்டித்தால் வெட்டவெளியிற்கூட வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். கட்டடங்கள் நெருங்கிய வீதியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். ஆகவே பெரிய வேகமும் பெரிய தூரமும் ஒன்றையொன்று தின்பவை. ஒரே பிரசுரத்தில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தால், ஒரே வேளையில் இரண்டும் கிடைக்குமா என்று கேட்பது நம் கடமை.

5ஜி சேவையில் முன்னைவிட வேகம் கூடியிருப்பதற்கு மாயம் ஒன்றும் காரணமன்று. 3,300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு நிறுவனத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அகலம் ஒருங்கே கிடைத்ததும், பல அலைவாங்கிகளைச் சேர்த்து வைத்து ஒரே அகலத்திற் பல ஓடைகளை ஓட்டும் உபாயமும் முக்கியமான காரணங்களாம். அகல அச்சில் நெய்தால் அகலத் துணி வரும் என்பது போன்றதே இது. அந்த அளவில் அம்முன்னேற்றம் மெய்யானது. நாம் அதை மறுக்கவில்லை.

மூன்றாவது விஷயம் பங்கு. கோபுரத்தின் ஒரு முகத்திலிருந்து வரும் வேகம் அம்முகத்தின் எல்லைக்குள் இருப்போர் அனைவருக்கும் பொதுவானது. சங்கத்துக்கு ஒரு சிப்பம் நூல் வந்தால், பத்துத் தறி ஓடும்போது ஒரு பங்கும், நாற்பது தறி ஓடும்போது வேறு பங்கும் கிடைக்கும் என்பதை நம் அங்கத்தினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன 80 மெகாபிட்டை ஒரே வேளையில் 40 பேர் கேட்டால் தலைக்கு 2 மெகாபிட். 2023 ஜனவரியில் மத்திய அரசு அகலக்கற்றை என்பதற்கு வகுத்த குறைந்தபட்ச வேகம் அந்த 2 மெகாபிட்தான். அதாவது, விளம்பரத்தில் 80 என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை. 2 மெகாபிட் பெற்றவருக்கும் 'அகலக்கற்றை' என்ற பெயரளவிற் குறையில்லை.

பிட் என்பதற்கும் பைட் என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுவோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். படங்களின் பருமன் பைட்டிற் சொல்லப்படும். இணைப்பின் வேகம் பிட்டிற் சொல்லப்படும். புடைவைப் படங்கள் அடங்கிய 50 மெகாபைட் கோப்பு ஒன்று 100 மெகாபிட் வேகத்தில் 4 நொடியில் போய்விடும். 2 மெகாபிட்டில் 3 நிமிடம் 20 நொடி பிடிக்கும். இன்னொன்று: நாம் படங்களைப் பெறுவதைவிட அனுப்புவதே அதிகம். கம்பியில்லாச் சேவையிலோ இறங்கு வழிக்கே பெரும்பங்கு ஒதுக்கப்படுவது வழக்கம். ஏறு வழிக்குச் சிறு பங்கே கிடைக்கும். பிரசுரத்தில் அச்சிடப்படும் பெரிய எண் இறங்கு வழியினுடையது. சினிமா பார்ப்போருக்கு அது போதும்; சரக்கு விற்போருக்குப் போதாது.

இனி, இந்த நியாயங்கள் நம் விற்பனை நிலையங்கள் உள்ள தெருக்களில் எவ்வாறு வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். தியாகராய நகரில் நெருக்கடி தூரத்தால் வருவதன்று, ஜனத்தொகையால் வருவது. ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, பனகல் பூங்காவைச் சுற்றிய வீதிகள் ஆகியவற்றில் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிற்கும் கூட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி உண்டு. அவையெல்லாம் நம் பெட்டி நாடும் கோபுரத்தையே நாடுகின்றன. ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையிற் சோதித்து 'நன்று' என்று எழுதிக்கொண்ட வேகத்துக்கும் அன்றைய வேகத்துக்கும் உறவு இராது. நாம் பார்வையிட்ட விற்பனை நிலையம் ஒன்றில், தீபாவளிக்கு முந்திய வாரம், பணம் செலுத்தியவர்கள் அதன் அத்தாட்சி வருவதற்காகப் புடைவைப் பொட்டலத்துடன் வரிசையிற் காத்து நின்றதைக் கண்டோம். அந்நிலையத்தின் பொறுப்பாளர் பக்கத்துக் கடையின் கம்பி இணைப்பைக் கேட்டு வாங்கி அன்றைய பொழுதை ஓட்டினார்.

மயிலாப்பூரில் இடையூறு வேறு. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய தடித்த சுவர் வீடுகளும், அவற்றை இடித்துக் கட்டிய கான்கிரீட் அடுக்ககங்களும் கலந்து நிற்கின்றன. 3,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். அது இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட்டைக் கடக்கும்போது பெரிதும் மெலிந்துவிடுகிறது. பெட்டி மாடியில் கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தால் ஒரு வேகம். கீழ்த் தளத்தில் கல்லாப்பெட்டிக்கு அருகில் இருந்தால் வேறொரு வேகம். அடையாற்றில் மரங்கள் மிகுதி. இலையில் உள்ள நீர் வானலையை உறிஞ்சும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். 26,000 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஏராளமான அகலம் இருப்பது உண்மையே. ஆயின் அந்த அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு மாமரம் போதும், அதன் வழியை மறிக்க.

அடையாற்றைப் பற்றிச் சொன்னதும் நம் நகரத்திலேயே பிறந்த ஒரு கம்பியில்லாச் சாதனத்தின் வரலாறு நினைவுக்கு வருகிறது. கிண்டிக் காட்டை ஒட்டி அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும், மைடாஸ் என்னும் சென்னை நிறுவனத்துடனும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து 1990-களில் உருவாக்கியது அது. 'கார்டெக்ட்' என்று பெயர். அந்நாளில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு ஆகும் முதலீடு 30,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. அதை 10,000 ரூபாய்க்குக் கொண்டு வந்தால்தான் சாதாரணக் குடும்பத்துக்குத் தொலைபேசி எட்டும் என்பது பேராசிரியரின் வாதம். கருவியை விற்பதற்காகச் சொல்லிய வாதமன்று அது. மக்களின் வரும்படியிலிருந்து தொடங்கி, கருவியின் விலையை நோக்கிப் பின்னோக்கி வந்த கணக்கு. கூட்டுறவாளர் போற்ற வேண்டிய முறை அதுவே என்பது நம் எண்ணம்.

கார்டெக்ட் தன் அளவுகளை ஒளிக்கவில்லை. இடையில் மறைப்பு இல்லாவிடில் 10 கிலோமீட்டர். இடைநிலைக் கருவி வைத்தால் 25 கிலோமீட்டர். பேசிக்கொண்டே இன்டர்நெட் பயன்படுத்தினால் நொடிக்கு 35 கிலோபிட். பேச்சை நிறுத்தினால் 70 கிலோபிட். சொன்னபடியே அது பெரும்பாலும் வேலை செய்தது. இதை அடிப்படையாகக் கொண்டு என்-லாக் என்னும் நிறுவனம், கிராமத்து இளைஞர் ஒருவரைக் கொண்டு சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் ஒரு கணிப்பொறி நிலையம் நடத்துவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழ் மனு அனுப்புதல், பயிர் நோய்க்கு யோசனை கேட்டல், கண்ணின் படத்தை எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறுதல் முதலிய நல்ல காரியங்கள் அங்கே நடந்தன. பல நாடுகளிலிருந்து ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தனர். கிராமங்களின் வறுமைக்கே விடிவு பிறந்துவிட்டது என்ற தோரணையில் எழுதியவர்களும் உண்டு.

சில ஆண்டுகளில் அந்நிலையங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஏன்? வானலை பொய்த்ததனால் அன்று. நிலையத்துக்கு வந்த வரும்படி, கடன் தவணைக்கும் பராமரிப்புக்கும் போதவில்லை. மனுக்களை ஏற்றுக்கொண்ட அதிகாரிகள் மாறியதும் அந்தச் சேவை நின்றது. பழுதானால் வந்து பார்க்கும் ஏற்பாடு தொலைவில் இருந்தது. இதற்கிடையில் கைபேசியின் கட்டணம் வீழ்ந்து, பேசுவதற்காக நிலையத்துக்கு வர வேண்டிய அவசியம் மறைந்தது. 2004 அக்டோபரில் அரசின் அகலக்கற்றைக் கொள்கை குறைந்தபட்ச வேகத்தை 256 கிலோபிட் என்று வகுத்தபோது, 70 கிலோபிட் சாதனம் பழையதாகிவிட்டது. 256 கிலோபிட் தரும் புதிய கார்டெக்ட் அதற்குப் பின் உருவாக்கப்பட்டது; ஆனால் காலம் முந்திக்கொண்டது. 35 கிலோபிட் வேகத்தில் ஒரு மெகாபைட் படம் போய்ச் சேர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும் என்பதை வாசகர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இவ்வரலாற்றை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி மெய்யாக இருந்தும் ஏற்பாடு நஷ்டத்தில் முடியலாம்; அந்த நஷ்டம் பேராசிரியரையோ ஆராய்ச்சியாளரையோ சேர்வதில்லை. கடன் வாங்கி 50,000 ரூபாய் போட்ட கிராமத்து இளைஞரையே அது சேர்கிறது. ஆகவே வேகம் எவ்வளவு என்ற கேள்வியோடு நம் நிர்வாகக் குழு நின்றுவிடலாகாது. பழுதானால் யார் வருவார், எத்தனை மணிக்குள் வருவார், இணைப்பினால் சங்கத்துக்கு மாதம் எவ்வளவு வரும்படி கூடும் என்ற கேள்விகளும் அதே தாளில் இருக்க வேண்டும்.

அடுத்து வந்தது வைமாக்ஸ். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் இதன் புகழ் பாடப்பட்டது. நொடிக்கு 70 மெகாபிட், 50 கிலோமீட்டர் தூரம் என்ற இரண்டு எண்கள் பத்திரிகைகளில் இணைபிரியாமல் வந்தன. மேலே நாம் போட்ட கணக்கைப் படித்தவருக்கு இதில் உள்ள தந்திரம் உடனே விளங்கும். 70 மெகாபிட் என்பது கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு. 50 கிலோமீட்டர் என்பது மிக மெல்லிய வேகத்தோடு மனநிறைவு கொள்பவருக்கு. இரண்டையும் ஓர் 'உம்' சேர்த்து எழுதிவிட்டார்கள். பி.எஸ்.என்.எல். நிறுவனமும் நாட்டின் பல பகுதிகளில் வைமாக்ஸ் கருவிகளை நிறுவிற்று. 2010 ஜூனில் முடிந்த கம்பியில்லா அகலக்கற்றை ஏலத்தில் அரசுக்கு 38,000 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. தமிழ்நாட்டு வட்டத்துக்கு உரிமை பெற்றோரில் ஏர்செல் நிறுவனமும் ஒன்று. ஆனால் அந்த அலைவரிசைகளில் நிலைத்தது எல்.டி.இ. என்னும் வேறொரு முறை; வைமாக்ஸ் பின்தள்ளப்பட்டது. ஏர்செல் தன் அகலக்கற்றை அலைவரிசையை 2016-இல் ஏர்டெல்லுக்கு விற்க உடன்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழகத்தில் அதன் கைபேசிச் சேவையே தடுமாறி நின்றது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள மக்கள் அலைந்ததை நம் அங்கத்தினர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தொழில்நுட்பத்தின் தரம் ஒன்று. அதை விற்பவரின் ஐந்தொகை மற்றொன்று.

கடல் கடந்தும் ஓர் உதாரணம். இலங்கை முழுவதற்கும் 13 பலூன்களைக் கொண்டு இன்டர்நெட் வழங்கப்படும் என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது. கூகுளின் 'லூன்' திட்டம் அது. 2016 பிப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்தது. பின்னர் அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் அகப்பட்டு, ஏற்பாடு நிறைவேறாமற் போயிற்று. 2021 ஜனவரியில் லூன் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டுப் புதிய சாதனம் என்றாலே ஐயுற வேண்டும் என்று எவரும் கொள்ள வேண்டா. உரிமை கோருவதற்கும் ஒரு நேர்மையான முறை உண்டு. அதையும் நம் நகரத்தவரே காட்டியிருக்கின்றனர். 5ஜி முறைக்கான விதிகள் வகுக்கப்பட்டபோது, அவை நெருக்கமாகக் கோபுரம் நாட்டக்கூடிய நகரங்களையே எண்ணி வகுக்கப்படுவதாகவும், இந்தியக் கிராமங்களுக்குப் பொருந்தா என்றும் நம் நாட்டு அறிஞர்கள் வாதித்தனர். சென்னை, ஹைதராபாத் தொழில்நுட்பக் கழகங்களும் சென்னையில் உள்ள கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையமும் இதில் முன்னின்றன. கோபுரத்துக்குக் கோபுரம் 6 கிலோமீட்டர் இடைவெளி, மெல்ல நகரும் மக்கள் என்னும் நிலைமையைச் சோதனை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-இல் அதை ஏற்றது. அந்நிபந்தனையை நிறைவேற்றும் '5ஜிஐ' என்னும் முறை பிற நாட்டு மதிப்பீட்டாளரின் பரிசோதனைக்கும் உட்பட்டு ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்றது. தனிக் கருவி செய்தால் செலவு கூடும் என்று தொலைபேசி நிறுவனங்கள் மறுப்புத் தெரிவித்தன; அம்மறுப்பிலும் நியாயம் இருந்தது. முடிவில் 2021-இன் இறுதியில் உலகப் பொது முறையோடு அதை இணைத்துவிட இசைவு ஏற்பட்டது. முதலில் எந்த நிலைமையில் அளப்பது என்று ஒப்புக்கொண்டு, பிறகு அளந்து காட்டினார்கள் என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. பிரசுரக்காரர்கள் செய்வது இதற்கு நேர்மாறு.

இன்றைய ஏர்ஃபைபர் வகைச் சேவையைப் பற்றி நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்போம். கோபுரம் கண்ணுக்குத் தெரியும் மாடி, பங்குதாரர் குறைந்த வீதி, சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையாத வாடகைக் கட்டடம், சில வாரங்களே நடக்கும் பொருட்காட்சி அரங்கு இவற்றுக்கு அது மிக ஏற்றது. தியாகராய நகரில் முழு விற்பனையையும் அதன்மேல் நிறுத்துவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே கண்ணாடியிழைக் கம்பி முதல் வழியாகவும், கம்பியில்லாப் பெட்டி இரண்டாம் வழியாகவும் இருக்கட்டும். கம்பிக்கும் ஆபத்து உண்டு என்பது மெய். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழை ஒரு புயலில் அறுந்துவிடும். ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது மின்சாரம் இன்றிக் கைபேசிக் கோபுரங்கள் பல ஊமையாகிவிட்டன. இரண்டு வழிகளும் ஒரே நாளில் அடைபடும் சாத்தியம் குறைவு என்பதற்காகவே இரண்டைச் சொல்கிறோம். வெளியூர்ச் சங்கங்கள் தங்கள் ஊராட்சி அலுவலகம் வரை பாரத்நெட் கண்ணாடியிழை வந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகு மற்றதை யோசிப்பது நலம்.

பெட்டி வாங்குவதென்று தீர்மானித்தால், ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகச் செலுத்தினால் தள்ளுபடி என்ற ஆசை வார்த்தைக்கு இணங்காமல், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஏற்க. அம்மாதத்தில் வாங்கிய வேகத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அளப்பதற்கான செயலியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே இலவசமாக அளிக்கிறது. நிறுவனத்தின் ஆள் மாடியில் நின்று தம் கைபேசியில் காட்டும் எண்ணை எழுதலாகாது. கல்லாப்பெட்டி மேசையில், நம் கருவியில், காலை 11 மணிக்கும் மாலை 7 மணிக்கும் வருவதையே எழுத வேண்டும். இறங்கு வழிக்கு ஒரு பத்தி, ஏறு வழிக்கு ஒரு பத்தி. இணைப்பு அற்றுப்போன நேரத்துக்கு மற்றொன்று. மாத அளவு எத்தனை கிகாபைட், அது தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும், முன்பணம் திரும்ப வருமா, இடையில் விட்டால் அபராதம் உண்டா என்பவற்றை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, வந்த பதிலைக் கோப்பிற் சேர்க்க. குறைந்தபட்ச வேகம் என்ன என்று கேட்டும் எண் எதையும் எழுதித் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பிற் பதிந்து வைக்க. அந்த ஒரு மாதம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அமைவது உத்தமம். தீபாவளிக் கூட்டமும் வடகிழக்குப் பருவ மழையும் அப்போது ஒருங்கே கிடைக்கும். நோட்டின் கடைசிப் பத்தியில் அன்று மழை பெய்ததா என்று மட்டும் எழுதினாற் போதும்.